எலிக்கு வராத நோய்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தள்ளிப்போனதற்கு நீ கேட்ட கேள்விதான் காரணம். "ஏழாம் மாதத்தில் எனக்கு ஏன் அப்படி பிரஷர் ஏறியது என்று உன் எலி சொல்லுமா?" கோபமாகக் கேட்டாயா, கிண்டலா?

உள்ளதைச் சொல்கிறேன். உனக்கு வந்த ப்ரீஎக்லாம்சியா, அதாவது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் நோய், எலிக்குப் பொதுவாகத் தானாக வருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் நாங்கள்தான் வரவழைக்கிறோம். எலியின் கர்ப்பம் மொத்தமே 21, 22 நாள். 14-ஆம் நாள் மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, பெருந்தமனியில் ஒரு வெள்ளிக் கிளிப் மாட்டுவோம். அதன் இடைவெளி 0.203 மில்லிமீட்டர். சினைப்பைத் தமனிகளுக்கு அதில் பாதி. விளக்கு வெளிச்சத்தில் ஒரு மினுக்கு தெரியும், அவ்வளவுதான். கர்ப்பப்பைக்கு ரத்தம் குறையும். ஐந்தே நாளில் தாய்க்கு அழுத்தம் ஏறிவிடும், குட்டிகள் சிறுத்துப்போகும். (முதல் கிளிப் என் கையிலிருந்து மூன்று முறை நழுவியது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.)

நஞ்சுக்கொடிக்கு ரத்தம் குறைந்தால் தாய்க்கு என்ன ஆகும் என்பதை இந்த எலி சொல்லும். ஏன் குறைந்தது என்று சொல்லாது. உனக்கு யாரும் கிளிப் மாட்டவில்லையே!

2003-இல் போஸ்டனில் அனந்த் கருமாஞ்சி என்ற ஆய்வாளரின் குழு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியது. நோய் கண்ட பெண்களின் நஞ்சுக்கொடியில் எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதம் மிதமிஞ்சி இருந்தது. அதை எலியின் உடம்பில் பெருகச் செய்தார்கள். அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. சினையில்லாத எலிக்கும் அழுத்தம் ஏறியது! தாயைப் படுத்துவது எது என்று அதில் பிடி கிடைத்தது. அந்தப் புரதம் ஏன் மிதமிஞ்சிச் சுரக்கிறது என்பதில்தான் நாங்கள் இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆடு வேறு கதை. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர், பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று பார்க்கத்தான் கருவிலிருந்த ஆட்டுக்குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்தினார். நாள் ஆகுமுன்பே பிறந்த குட்டி, பிழைக்காது என்று நினைத்தது, மூச்சு விட்டது. 1969-இல் அதை எழுதினார். 1972-இல் தாய்மார்களிடம் சோதித்த முடிவு வந்தது. பிரசவத்துக்கு முன் உனக்கு ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஊசி போட்டார்களே, நினைவிருக்கிறதா? அதேதான்.

பையனுக்கு முன்பல் விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். சிரிக்கும்போது ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன்,
வசந்தா