பழைய அமெரிக்கத் தங்கக் காசுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய அமெரிக்கத் தங்கக் காசு கைக்கு வந்தால் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் உருக்கக் கொடுத்துவிட வேண்டாம். வகைக்கு ஒன்றாகச் சேர்த்தாலே அருமையான தொகுப்பு: இரண்டரை, ஐந்து, பத்து டொலர் காசுகளில் லிபர்ட்டி (சுதந்திர தேவி) தலை வடிவமும் இந்தியன் (செவ்விந்தியர்) தலை வடிவமும், இருபதில் லிபர்ட்டியும் சிற்பி செயின்ட் கோடன்ஸின் வடிவமும். மொத்தம் எட்டுக் காசு. ஆண்டு முக்கியமில்லை, மலிவான ஆண்டையே எடுக்கலாம்.

ஐந்து டொலர் 8.359 கிராம், 21.6 கரட். நிறையும் மாற்றும் சரியென்றால் போதாது. நல்ல தங்கத்திலேயே போலி அடித்திருக்கிறார்கள். 1911இல் டென்வர் நாணயச்சாலையில் அடித்த இரண்டரை டொலர் என்று விற்கும் காசில், கழுகு உள்ள பின்பக்கத்தில் அம்பு நுனிக்கு இடப்பக்கம் இருக்கும் 'டி' (D, டென்வரின் அடையாளம்) எழுத்து பிறகு ஒட்டப்பட்டிருக்கலாம். பத்து மடங்கு லென்ஸால் எழுத்தின் அடியைப் பாருங்கள், பொருத்திய கோடு தெரிந்தால் வாங்காதீர்கள்.

பதக்கமாக்க வளையம் ஒட்டினாலோ பொலிஷ் போட்டாலோ சேகரிப்பு மதிப்பு போய்விடும். தயவுசெய்து துடைக்கவும் வேண்டாம்.

இங்ஙனம்,
நாணயம் சேர்ப்போர் சிலர்,
யாழ்ப்பாணம்