பிள்ளை இல்லை என்பதைப் பிரெஞ்சில் எப்படி எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிரவியில் எங்கள் தெருவிலுள்ள ஒரு குடும்பத்தின் வாரிசுச் சான்றிதழ் பிரான்சிலிருந்து திரும்பி வந்துவிட்டது. அங்கே காலமான பெரியவரின் சொத்தைப் பிரிக்க வேண்டும். அவருக்கு முன்பே காரைக்காலில் இறந்துபோன தம்பிக்குப் பிள்ளைகள் உண்டா என்று, சொத்துப் பத்திரங்களைக் கவனிக்கும் நொத்தேர் கேட்கிறார். இருந்தால் தகப்பன் பங்கு அவர்களுக்குப் போகும். ஆங்கிலச் சான்றிதழில் ‘இஷ்யூ இல்லாமல் இறந்தார்’ என்று, பிள்ளைகளை ‘இஷ்யூ’ என்று நம் வழக்கறிஞர்கள் எழுதும் நடையில் சரியாகத்தான் இருந்தது. பிரெஞ்சில் ஆக்கிக் கொடுத்தவர்கள் ‘சான்ஸ் இஸ்யூ’ என்று எழுதிவிட்டார்கள்.

அதே எழுத்துகளில் பிரெஞ்சிலும் ஒரு சொல் இருப்பதால் வந்த வினை இது. இன்றைய பிரெஞ்சில் அதற்கு வெளியேறும் வழி என்று பொருள். முட்டுச்சந்துகளின் பலகையில் ‘சான்ஸ் இஸ்யூ’ என்று எழுதியிருப்பார்கள். இதற்கு மேல் போக வழியில்லை என்பது அதன் கருத்து. பிள்ளையில்லாமல் இறந்தவரை வழியில்லாமல் இறந்தவராக்கிவிட்டார்கள். எழுதியிருக்க வேண்டியது ‘சான் போஸ்தெரித்தே’, அதாவது சந்ததியின்றி. அதே சான்றிதழின் அடியில் வழங்கிய நாளைக் குறிக்கவும் ஆங்கிலத்தில் ‘இஷ்யூ’தான், அங்கே பிரெஞ்சில் ‘தெலிவ்ரான்ஸ்’ என்று வர வேண்டும். உங்கள் நாளிதழின் ஓர் இதழுக்கும் ஆங்கிலத்தில் ‘இஷ்யூ’தான், பிரெஞ்சிலோ ‘நுமெரோ’.

எனக்குப் பொறுக்காதது வேறொன்று. கிராம நிர்வாக அலுவலரின் தமிழ் அறிக்கை அந்தக் குடும்பத்தின் கையிலேயே இருந்தது. ‘பிள்ளைகள் இல்லாமல் இறந்தார்’ என்று குழப்பத்துக்கு இடமின்றி அதில் எழுதியிருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. ‘அத்தை மகள்’ என்று தமிழில் இருப்பதும் இப்படித்தான் ஆங்கிலத்தில் ‘கசின்’ ஆகி, பிரெஞ்சுக்குப் போகும்போது ஆணாகிவிடுகிறது. பிரெஞ்சில் ஆணுக்கு ‘குஸேன்’, பெண்ணுக்கு ‘குஸீன்’.

தமிழ் மூலம் இருந்தால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். நிலப் பத்திரத்தில் ‘அரசலாற்றின் வடகரை’ என்றால் பிரெஞ்சில் ‘ரீவ்’. வெள்ளத்தைத் தடுக்க மண் கொட்டி உயர்த்திய கரை என்றால் ‘திக்’. நமக்கு இரண்டும் கரைதான். ஆங்கிலத்தின் ‘பேங்க்’கோ பணம் போடும் இடத்தையும் சேர்த்துக்கொள்கிறது. எந்தக் கரை என்று நிலத்துக்காரரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954-இல் அவர்கள் ஆட்சி முடிந்த ஊர் காரைக்கால். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. பிறப்பு, திருமணம், இறப்பு என எல்லாவற்றுக்கும் கடல் கடந்து காகிதம் போகிறது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும் வரை இங்கே பிரெஞ்சும் ஆட்சிமொழியாக இருக்கும் என்று இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட 1956 ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. இங்கேயே பிரெஞ்சு படித்துவிட்டு வேறு வேலை தேடிப் போகும் பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களில் ஒருவரையாவது காரைக்காலில் அமர்த்தி, வெளிநாடு செல்லும் சான்றிதழ்களைத் தமிழ் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யுமாறு புதுச்சேரி அரசைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, சான்றிதழ் அனுப்புகிறவர்கள் தமிழ் அறிக்கையின் நகலையும் மொழிபெயர்ப்பவரிடம் கட்டாயம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை,
நிரவி, காரைக்கால்.