தலையணைக்கு அடியில் இருந்த துப்பாக்கி

தென்காசி
14-12-2025

அன்பு மகன் சங்கருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீங்கள் மூன்று பேரும் நலம் என்று வித்யா போனில் சொன்னாள். உன் நலத்தை இப்போதெல்லாம் அவளிடம்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் என்னத்துக்கு என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, அதோடு சரி. "பாத்துட்டாம்லா, பெறகென்ன" என்கிறாள் அம்மா. எனக்கு அது போதவில்லை. இதை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டு விலாசம் மறந்துபோய் அல்ல.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்காதே. போன வாரம் ஒரு போன் வந்தது. பேட்டரி உப்பி, பின்மூடி அப்பளம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. சார்ஜில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருக்கிறான். சூடு வெளியே போக வழி வேண்டாமா? லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். ஹாலில் வைத்துவிட்டுப் படு.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. டிவியை யாரும் தூக்கிக்கொண்டு வருவதில்லை, பேனல் போனால் புதுசே வாங்கிவிடுகிறார்கள். எல்லாம் போன்தான். பாதிப் பேர் சார்ஜ் ஏறவில்லை என்று வருவார்கள். பார்த்தால் பின் சொருகும் ஓட்டைக்குள் சட்டைப்பைப் பஞ்சு அடைத்திருக்கும். ஊசியால் கிண்டி எடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றால் சந்தேகப்படுகிறார்கள். இருபது ரூபாய் வாங்கினால்தான் ரிப்பேர் ஆனதாக அர்த்தம். நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த ஹாட் ஏர் மெஷின் இன்னும் ஓடுகிறது. வருகிறவர்களிடமெல்லாம் "மகன் வாங்கித் தந்தது, புனேயில இருக்கான்" என்று சொல்லாமல் நான் அதை ஆன் செய்வதில்லை. அம்மா கேலி செய்கிறாள்.

பள்ளிக்கூடத்துப் பையன்களின் பெற்றோர் வந்து, "அண்ணாச்சி, இதுல கேமே வராதபடி பண்ணித் தாங்க" என்கிறார்கள். எங்கே பண்ண? பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள், அடுத்த வருஷமே வேறு பெயர் வைத்துக்கொண்டு வந்து நின்றது. 2022-ல் ஃப்ரீ ஃபயரைத் தடுத்தார்கள், மேக்ஸ் என்று அதன் அண்ணன் இன்றைக்கும் ஓடுகிறான். நான் கேம் மேல் பழி போடுகிறவன் இல்லை. அது உனக்கே தெரியும். நம் வீட்டில்தான் தெருப் பிள்ளைகள் அத்தனையும் உட்கார்ந்து டிவி கேமில் மேரியோ ஆடியது. கேசட்டை நீ வாயால் ஊதி ஊதிச் சொருகுவாய். ஊதாதேடா, எச்சில் ஈரம் பட்டுப் பின்னெல்லாம் பச்சை பூக்கும் என்பேன். ஊதியதால் அல்ல, எடுத்துத் திரும்பச் சொருகியதால்தான் காண்டாக்ட் கிடைக்கிறது என்று ரப்பரால் தேய்த்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் ஊதினாய்.

மேரியோவுக்கு மூன்று உயிர். மூன்றும் போனால் முதலிலிருந்து. அந்தப் பெட்டி உன்னிடம் ஒன்றும் கேட்காது, தோற்றுப் போய்ப் படுத்தவனை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுப்பிக் கூப்பிடவும் செய்யாது. போன வருஷம் ஒரு வாத்தியாருடைய போனுக்கு டிஸ்ப்ளே மாற்றினேன். ஆன் செய்த கையோடு மேலே ஒரு வரி வந்தது: 500 ரூபாய் போனஸ், இன்று இரவு வரை மட்டும். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் ஸ்க்ரூ தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். பணம் கட்டி ஆடும் ரம்மிதான். நம் மாநிலத்தில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை அதை ஆடக் கூடாது என்று இந்த வருஷம் விதி போட்டார்கள். உங்கள் ஊருக்கு அது கிடையாது. அப்புறம் ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் சட்டம் வந்து நாடு முழுக்க நிறுத்தினார்கள் அல்லவா, அன்றைக்கு நான் அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என்ன விசேஷம் என்றாள் அம்மா. பழைய பாக்கி ஒன்று வசூலாச்சு என்றேன்.

ராத்திரி போனை ஹாலில் வை. சொன்னேனா? சொன்னால் என்ன, இன்னொரு தரம் சொல்கிறேன்.

ஆவணியில் நாற்பது கேட்டாய், அனுப்பினேன். புரட்டாசியில் அறுபது, காருக்குக் கியர்பாக்ஸ் போய்விட்டது என்றாய். அனுப்பினேன். கார் மே மாதமே கைமாறிவிட்டது என்று பாப்பா தீபாவளிக்கு வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னது. பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதே, அதற்கு என்ன தெரியும். வித்யா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. அம்மா கேட்டதற்கு, ரயிலில் சங்கிலி பறிக்கிறார்கள் அத்தை, அதனால் கழற்றி வைத்துவிட்டு வந்தேன் என்றாள். அம்மா நம்பினாள். அல்லது நம்பின மாதிரி இருந்தாள். அவளுக்கு அதில் பழக்கம் உண்டு.

தீபாவளி ராத்திரி மொட்டை மாடித் தண்ணித் தொட்டியைப் பார்க்க நான் ஏறி வந்தேன். மணி இரண்டிருக்கும். நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். போன் வெளிச்சம் உன் முகத்தில் பட்டு, பச்சையாக இருந்தது. சத்தம் போடாமல் இறங்கிவிட்டேன். ஊருக்குப் போன பிறகு தினமும் விடிகாலையில் உன் பெயருக்குக் கீழே கடைசியாக எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தாய் என்று பார்ப்பேன். 2.40, 3.15. ஐப்பசி கடைசியிலிருந்து அந்த வரியே தெரியவில்லை. மறைத்துவிட்டாய் போல. சரி, ஆபீஸ் வேலையாக இருக்கும்.

இதையெல்லாம் எழுத உட்காரவில்லை. வேறொன்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது அந்த டிவி கேம் போனது நினைவிருக்கிறதா? 2002. ஹை வோல்டேஜ் வந்து கருகிவிட்டது என்று சொன்னேன். "நீங்கதான் மெக்கானிக்கு ஆச்சே, சரி பண்ணுங்கப்பா" என்றாய். அதுக்கு ஐசி கிடைக்காதுடா என்றேன். நீ அதை அப்படியே நம்பி, தெருவில் எல்லாரிடமும் "ஐசி மெட்ராஸ்லயே கிடைக்கலையாம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

அது கருகவில்லை. செங்கோட்டையில் ஒருவரிடம் கேசட்டுகளோடு சேர்த்து நானூற்றைம்பது ரூபாய்க்கு விற்றேன். அத்தனைக்கும் லாட்டரிச் சீட்டு வாங்கினேன். ஒரு நம்பர் லாட்டரி. காலையில் ஒரு குலுக்கல், மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. உன் ஸ்கூல் பீஸ், கடை வாடகை, அம்மா காப்பு எல்லாம் அதற்கு முன்னாலேயே போயிருந்தது. காப்பு பேங்கில் இருக்கிறது என்று ஆச்சியிடம் சொல்லிவந்தோம் அல்லவா, எந்த பேங்கிலும் இல்லை.

2003 ஜனவரியில் ஜெயலலிதா அம்மா லாட்டரியையே தடை செய்தார். ஒழிந்தது என்று ஊரே சந்தோஷப்பட்டது. நான் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி, மலை தாண்டி ஆரியங்காவு போய்க் கேரளாச் சீட்டு வாங்கினேன். வாரத்தில் மூன்று நாள் போயிருக்கிறேன். அல்வா வாங்கினேன் என்றேனே, தின்னும்போது இதுதான் ஞாபகம் வந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

நானாக நிறுத்தினேன் என்று சொல்ல ஆசைதான். நிறுத்தவில்லை. உங்க அம்மாவுக்கு ஒருநாள் சட்டைப்பையில் சீட்டுக்கட்டு கிடைத்தது. சத்தம் போடவில்லை, அழவில்லை. மறுநாள் காலையில் கடைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கல்லாச் சாவியை வாங்கிச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். காலையிலிருந்து கடை அடைக்கும்வரை, நாலு மாதம். வருகிறவர்கள் "அக்கா, நீங்களும் சால்டரிங் கத்துக்கிடுதீயளோ" என்று கேட்பார்கள், ஆமா என்பாள். அன்றிலிருந்து இன்றைக்கு வரை சாவி அவளிடம்தான் இருக்கிறது. உனக்கு அனுப்பிய பணத்தையும் அவள்தான் எடுத்துத் தந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பதிலும் எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தை வித்யாவிடம் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. நீ படித்துவிட்டு மடித்து வைத்தால்தான் எனக்குப் பயம். பெரியகோவில் தெரு இடத்தை நீ நினைத்துக்கூடப் பார்க்காதே, ஆனால் டெபாசிட் ஒன்று சித்திரையில் முடிகிறது. அம்மாவிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

அந்தக் கேமில் விற்காமல் தப்பியது வாத்து சுடும் துப்பாக்கி மட்டும். நீ அதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பாய், அதனால் என் கையில் சிக்கவில்லை. ஆச்சி காரியத்துக்குப் பரண் ஒதுக்கும்போது கிடைத்தது. திறந்து பார்த்தேன். லென்ஸில் பூஞ்சை, உள்ளே சென்சார் நன்றாகவே இருக்கிறது. கடைக்கு வந்து கிடந்த ஒரு பழைய கேம் பெட்டியைத் தேற்றி ஹாலில் எல்இடி டிவியில் மாட்டினேன், ஒரு வாத்தும் விழவில்லை. அது அப்படித்தான். விசையை இழுத்தால் திரை ஒரு நொடிக்கும் குறைவாகக் கறுத்து, வாத்து நிற்கிற இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சத்தைத்தான் துப்பாக்கி பிடிக்கும். புது டிவியில் படம் தாமதமாக வருகிறது. அதனால் கலைஞர் கொடுத்த 14 இஞ்ச் டிவியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, கெப்பாசிட்டர் இரண்டை மாற்றி, கடையில் வைத்திருக்கிறேன். நேற்று அம்மா பத்துக்கு மூன்று அடித்தாள். தவறவிட்டால் அந்த நாய் எழுந்து நின்று சிரிக்குமே, அதைப் பார்த்து அவளுக்குக் கோபமான கோபம்.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயா? வெயிட்டிங் லிஸ்ட் என்றால் சொல்லு, மதுரை வரைக்கும் வந்தால் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். பாப்பாவுக்குத் துப்பாக்கி கொஞ்சம் கனமாக இருக்கும், நீ கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

போனை ஹாலில் வை.

அன்புடன்,
அப்பா