நான்கு வயதுக் குழந்தைக்கு நீச்சல்: சுற்றுக் கணக்கு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நீச்சல் பயிற்சி முகாம்களில் கூட்டம் அலைமோதுகிறது. நான்கைந்து வயதுக் குழந்தைகளைச் சேர்த்துவிட்டு, ஒரு வாரம் போவதற்குள் “இன்னும் ஒரு சுற்றுகூட நீந்தவில்லையே” என்று பயிற்சியாளரிடம் குறைப்படும் பெற்றோரையும் அங்கே காணலாம். நெடுங்காலம் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் என்ற முறையில், அந்த வயதில் தண்ணீர் கற்றுத் தருவது நீச்சலை மட்டுமன்று என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர்க் குளத்தில் ஒரு பயிற்சியாளர், ஆழமில்லாத பகுதியின் படிகளில் வண்ண வளையங்களைப் போட்டுவிட்டு, “முதலில் சிவப்பு இரண்டு, அப்புறம் மஞ்சள் ஒன்று” என்கிறார். குழந்தை அதைக் காதில் வாங்கி, முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தும்வரை மறக்காமல் வைத்திருந்து, மூச்சை அடக்கியபடியே எண்ணி எடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் யாரும் அதட்டுவதில்லை. அதுவே மறுபடி குனிந்து தேடுகிறது. சொல்வதைக் கேட்பது, வரிசை மாறாமல் செய்வது, எண்ணுவது ஆகிய மூன்றையும் வகுப்பறையில் ஒருசேரப் பழக்க நாங்கள் படும் பாடு ஆசிரியர்களுக்குத் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு தன் முறை வரும்வரை காத்திருப்பதும் பாடம்தான்.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, நீச்சல் பழகும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பேச்சு, எண்ணறிவு உள்ளிட்ட பலவற்றில் முந்தியிருப்பதாகக் கூறியது. ஆனால் அதன் தரவுகளில் பெரும்பகுதி பெற்றோர் சொன்னவை. நிதியுதவியும் நீச்சல் பயிற்சித் துறையிலிருந்தே வந்தது. ஆகவே ‘நீந்தினால் அறிவு வளரும்’ என்று விளம்பரம் செய்வோரை அப்படியே நம்பிவிடத் தேவையில்லை. தண்ணீரில் இறக்கிவிட்டதாலேயே எதுவும் வந்துவிடாது. அங்கே குழந்தையோடு என்ன பேசுகிறோம், என்ன விளையாடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதற்கு நம் குளங்களின் நடைமுறை இடம் தருவதில்லை. பெரியவர்களுக்கான ஒரு மணி நேர வகுப்பிலேயே சின்னஞ்சிறுசுகளையும் சேர்த்துவிடுகிறார்கள். தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு விரைவாக உடற்சூட்டை இழுத்துவிடும். சிறிய உடல் இன்னும் சீக்கிரம் குளிர்ந்துபோகும். உதடு நடுங்கும் பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது. அரை மணி நேரமே தாராளம். மிரளும் குழந்தையை ‘பயம் தெளியட்டும்’ என்று தூக்கிப் போடும் வழக்கத்தையும் அடியோடு நிறுத்த வேண்டும். (கடப்பாரை நீச்சல் என்று ஆயுளுக்கும் கேலிக்கு ஆளாகும் பெரியவர்கள் பலர் அப்படி மிரண்டவர்களே.)

கிராமத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிப் பிள்ளையை இறக்கிவிட்ட அப்பாவோ மாமாவோ தாமும் தண்ணீருக்குள் இருந்தார். இன்று பெற்றோர் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். உள்ளே வர விரும்புவோருக்கும் பல இடங்களில் அனுமதியில்லை. எத்தனை நாள் பழகியிருந்தாலும் இந்த வயதுப் பிள்ளை கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும் என்பதால், இது பாதுகாப்புக்கும் உகந்ததன்று. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாநகராட்சிகளும் தத்தம் குளங்களில், ஆறு வயதுக்குட்பட்டோருக்கென வெயில் ஏறிய பின் அரை மணி நேரம் ஒதுக்கி, தாயோ தந்தையோ உடன் இறங்க அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
ஈரோடு.