நடுவயதிலேயே கவனிக்க வேண்டிய இரத்த அழுத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர் இரத்த அழுத்தம் என்றவுடன் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மட்டுமே நினைக்கிறோம். அது மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தடிக்கச் செய்து, நடுவயதிலிருந்தே அறிகுறி ஏதுமின்றி நினைவாற்றலை அரிப்பதை மறந்துவிடுகிறோம். அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 9,361 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட 'ஸ்பிரிண்ட்' ஆய்வின் 2019ஆம் ஆண்டு முடிவுகளின்படி, மேல் அழுத்தத்தை 120க்குக் கீழ் வைக்கச் சிகிச்சை பெற்றவர்களிடம், 140 என்ற இலக்கு கொண்டவர்களைவிட லேசான அறிவாற்றல் குறைபாடு ஏறத்தாழ 19 சதவீதம் குறைந்திருந்தது. மறதிநோயில் அத்தகைய உறுதியான வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மிக முதியவர்களுக்கு அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்ந்தால் மயங்கி விழ நேரிடும் என்பதால், இலக்கை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்தும், 'தலைவலி இல்லையே' என்று பலர் அதை நிறுத்திவிடுவது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. இதுபற்றித் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்