ஃபிஜியை எங்கே நிறுத்துவது?

நகரி
ஆந்திரப் பிரதேசம்
28.7.2024

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் பேரன்தான். சைக்கிளில் இருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூங்கில் பத்தை வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். வீடு முழுக்க முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் கலந்த வாடை. நாம் எட்டாவது படிக்கும்போது நீ புளியமரத்தில் இருந்து விழுந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாயே, அதே வாடை. ஐம்பது வருடத்தில் அது மட்டும் மாறவில்லை.

கை வலியில் பையனுக்குத் தூக்கம் வரவில்லை, எனக்கு வயதால் வரவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு இருவரும் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு முன்னால் உட்கார்ந்தோம். அன்று ஆடி வெள்ளி. கூழ் ஊற்றி முடித்த அண்டாக்கள் இன்னும் வாசலில் கிடந்தன. பக்கத்துத் தறிக்கொட்டகையில் ராத்திரி ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே நூல் அறுந்து தறி நின்றால் யாராவது ஒருவர் எட்டிப் பார்த்து, "இந்தியா வந்துவிட்டதா சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

நீ பார்த்தாயா தெரியவில்லை. மைதானத்துக்குள் நடக்க வேண்டிய அணிவகுப்பை சேன் நதியில் படகில் நடத்தினார்கள். கோடைக்கால ஒலிம்பிக்கில் இது முதல்முறையாம். ஆஸ்தர்லிட்ஸ் பாலத்தில் இருந்து ஈபிள் கோபுரத்துக்கு எதிர்க்கரை வரை ஆறு கிலோமீட்டர். கூடவே மழை! நம் ஊர் மழை மாதிரி பெய்து ஓய்கிற மழை இல்லை, விடாத மழை. பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு வீரர்கள் கையசைக்கிறார்கள். ஒருவர் நனைந்தபடியே பியானோ வாசிக்கிறார். அத்தனை விலையுள்ள வாத்தியத்தின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்து என் மனைவி, "யாராவது ஒரு குடை பிடிக்கக் கூடாதா?" என்று பதறிவிட்டாள். நம் நகரி ஆற்றில் நாடுகளை வரிசையாக விடுவதென்றால் டிராக்டரில்தான் விட வேண்டும் என்று நான் சொன்னேன். பேரன் சிரிக்கவில்லை. அவனுக்கு அந்த ஆற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்த நினைவே குறைவு.

வழக்கம்போல் முதலில் கிரீஸ், அடுத்து அகதிகள் அணி. முப்பத்தேழு பேர். அதன் பின் பிரெஞ்சு அகரவரிசை. அல்ஜீரியாக்காரர்கள் வந்தபோது ஒரு காரியம் செய்தார்கள். கையில் வைத்திருந்த சிவப்பு ரோஜாக்களை ஆற்றில் போட்டார்கள். 1961 அக்டோபர் 17 அன்று பாரிஸில் ஊர்வலம் போன அல்ஜீரியர்களைப் போலீஸ் அடித்துக் கொன்றது. பலரை இதே சேன் நதியில் தூக்கிப் போட்டார்கள். அந்த நாட்டுப் பிள்ளைகள் அறுபத்துமூன்று வருடம் கழித்து அந்தத் தண்ணீரின் மேல் விருந்தாளியாக வந்து, கையை அசைத்துக்கொண்டே பூவையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். நாலு மணி நேர விழாவில் பாட்டும் ஆட்டமும் வாணவேடிக்கையும் எவ்வளவோ இருந்தன. எனக்கு நின்றது இதுதான்.

அதற்கடுத்து ஜெர்மனி வந்தது. பேரன் உடனே பிடித்துக்கொண்டான். "ஜெர்மனி ஏன் தாத்தா இவ்வளவு முன்னால்?" பிரெஞ்சில் அந்த நாட்டுக்குப் பெயர் 'அல்மாஞ்', அதனால் அ வரிசையில் வந்துவிட்டது என்றேன். அவன் நம்பவில்லை. ஒரு நாடு எங்கே நிற்க வேண்டும் என்பதை யாரோ ஒருவருடைய எழுத்து தீர்மானிப்பது அவனுக்கு அநியாயமாகப் பட்டது. அப்போதுதான் அவனுக்கு நம் கதையைச் சொன்னேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தமிழ்வழிப் பள்ளியில் வருகைப் பதிவேட்டின் க வரிசை: கங்காதரன், கமலநாதன், கன்னியப்பன், குமரேசன். நான் முதலாவது, நீ நாலாவது. பத்து வருடம் ஒரே வகுப்பில் இருந்தும் நீயும் நானும் அதிகம் பேசியதில்லை. இன்டர்மீடியட் சேர்ந்தபோது எழுத்தர் பட்டியலைத் தெலுங்கில் எழுதினார். தெலுங்கில் 'க' வேறு, 'ga' ஒலிக்கு எழுத்து வேறு. கன்னியப்பன், கமலநாதன், குமரேசன் எல்லோரும் வல்லெழுத்துக் 'க'வில் முடிந்த பிறகுதான் மெல்லொலிக் கங்காதரனுக்கு இடம். ஒரே நாளில் முதலில் இருந்து நாலாவதாக இறங்கினேன். தேர்வு அறையில் உனக்கு நேர் பின்னால் என் இடம். அதன் பிறகு நடந்ததெல்லாம் நாற்பத்தைந்து வருடச் சங்கதி. அந்த எழுத்தர் தமிழில் எழுதியிருந்தால் இந்தக் கடிதம் கமலநாதனுக்குப் போயிருக்கும். (அவன் பதில் போடுகிற ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.)

இந்த வரிசை விவகாரம் ஒலிம்பிக்கில் ஒவ்வொரு முறையும் வேடிக்கைதான். 1988இல் சியோலில் கொரிய எழுத்து வரிசை. கிரீஸுக்கு அடுத்தபடியாக வந்தது கானா. 2004இல் ஏதென்ஸில் கிரேக்க எழுத்து. போட்டி நடத்தும் நாடு கடைசியில் வரும் என்பதால் கிரீஸ் தன் கொடியை மட்டும் முதலில் அனுப்பிவிட்டு ஆட்களைக் கடைசியில் அனுப்பியது. இடையில் முதல் அணியாக வந்தது செயின்ட் லூசியா என்ற சின்னத் தீவு. 'செயின்ட்' என்பதற்குக் கிரேக்கச் சொல் அகரத்தில் தொடங்குகிறதாம். 2008இல் பெய்ஜிங்கில் அகரவரிசையே கிடையாது. நாட்டுப் பெயரின் முதல் எழுத்தில் எத்தனை கோடு என்று எண்ணி நிறுத்தினார்கள்; கினிக்கு இரண்டாம் இடம். டோக்கியோவில் நம் ஆட்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள், கவனித்திருப்பாய். ஜப்பானிய எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந என்று போகிறது. பௌத்தத் துறவிகள் வழியாக இங்கிருந்து போன அடுக்கு அது. சீருடை மட்டும்தான் வேறு, பதிவேடு நம்முடையது.

பாரிஸில் இன்னொன்றும் நடந்தது. தென் கொரியப் படகு வந்தபோது, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வட கொரியாவின் பெயரைச் சொல்லி அறிவித்துவிட்டார்கள். இரண்டு மொழியிலும் தப்பு! பின்னால் மன்னிப்புக் கேட்டார்கள். ஒலிம்பிக் கொடியையும் தலைகீழாக ஏற்றினார்கள் என்றாலும் அது துணி, கழற்றி மாட்டிக்கொள்ளலாம். பெயரைத் தப்பாகக் கூப்பிடுவது அப்படியில்லை. நம் எல்லைப்புறத்து ஆட்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் மகளுக்கு ஆசையாக யாழினி என்று பெயர் வைத்தேன். ஓர் அலுவலகத்தில் 'ழ' எங்கள் எழுத்தில் இல்லை என்று 'யாலினி' ஆக்கினார்கள். அடுத்த அலுவலகத்தில், இரண்டு சான்றிதழிலும் பெயர் ஒன்றாக இல்லையே, நீங்கள்தான் தகப்பன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். அவளே இப்போது யாலினி என்றுதான் கையெழுத்துப் போடுகிறாள். தமிழாசிரியர் வீட்டில்!

இந்தியா வருவதற்குள் கொட்டகையில் இருந்து ஐந்து பேர் வந்து சுவரோரம் நின்றுவிட்டார்கள். கொடி பிடித்தவர்கள் சரத் கமலும் சிந்துவும். சரத் சென்னைக்காரர், நாற்பத்திரண்டு வயது, ஐந்தாவது ஒலிம்பிக். சிந்து ஹைதராபாத், ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம். "நம் பையன், நம் பெண்" என்றார் ஒருவர். எந்த 'நம்' என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் அந்தக் கேள்வி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகப் பக்கமும் நகரி ஆந்திரப் பக்கமும் என்று ஆனதோடு கேட்கப்படாமல் நின்றுவிட்டது. என் அப்பா சாகும்வரை, திருத்தணிக்கு முருகன் இருந்தார், நமக்கு மூக்குக்கொண்டை மலைதான் இருந்தது, மலை யாருக்காகப் போராடும் என்பார்.

ஆனால் தறிக்காரர்களின் கவனம் கொடியில் இல்லை, சேலையில். வெள்ளைச் சேலை, ஓரத்தில் காவியும் பச்சையும். "இது இக்கத்து நெசவு மாதிரி போட்ட பிரிண்ட்தான். குறுக்கே ஓடும் ஊடை நூலில் வந்த நிறம் இப்படி மேலாக உட்காராது" என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். மழையில் நனைந்த சேலையைப் படகில், அதுவும் தொலைக்காட்சியில், இரண்டு நொடி பார்த்துச் சொன்னது. சரியோ தப்போ, உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்துக்கு நெய்த சேலையை அனுப்பியிருக்கலாம் என்பதுதான் எனக்கும். நெசவு தெரிந்த ஊர்களுக்கா இந்த நாட்டில் பஞ்சம்? படகு போய்விட்டது. அவர்களும் போய்விட்டார்கள்.

1982 நவம்பர் 19 நினைவுக்கு வந்தது. ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறி அரக்கோணத்தில் உன் மாமா வீட்டுக்கு ஆசிய விளையாட்டுத் தொடக்க விழா பார்க்கப் போனோம். நாடு முழுக்கக் கலர் டி.வி. என்ற பேச்சு. உன் மாமா கருப்பு வெள்ளைப் பெட்டியின் முன்னால் மேலே நீலம், நடுவே மஞ்சள், கீழே பச்சை என்று ஒரு பிளாஸ்டிக் தாளை மாட்டிவைத்து, "இதுவும் கலர்தான்" என்றார். வந்த வீரர்கள் எல்லோருக்கும் நீலத் தலை, பச்சைக் கால். நடத்தும் நாடு என்பதால் இந்தியா கடைசி. முப்பத்திரண்டு நாட்டையும் பொறுமையாகப் பார்த்து முடித்தோம். நம் ஆட்கள் நுழையும்போது படம் உருள ஆரம்பித்தது. உன் மாமா பெட்டியின் தலையில் ஓங்கி அடித்தார். படம் நின்றபோது அணிவகுப்பு முடிந்திருந்தது. பேரனிடம் சொன்னேன், இதற்கு மட்டும் சிரித்தான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு மணிக்கு மேல் அவன் தூங்கிவிட்டான். நூறு வயதுக் கிழவர் ஒருவர், 1948இல் சைக்கிள் போட்டியில் தங்கம் வாங்கியவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி சுடரை வாங்கிக் கொடுத்தார். கடைசியில் சுடர் ஒரு பலூனோடு மேலே போனது. அதில் நெருப்பே இல்லையாம். நீர்த்திவலைப் புகையின் மேல் மின்விளக்கு. பார்த்தால் நெருப்பேதான். எனக்கு மனம் ஒப்பவில்லை. நெருப்பு என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் காட்டலாமா?

நாளை ஆடிக் கிருத்திகை. ஊரே திருத்தணிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. வாசலில் காவடிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒரு கூட்டம் 'அரோகரா' என்கிறது, அடுத்த கூட்டம் 'ஹரோம் ஹரா' என்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பமும் முடிந்திருக்கும். இன்று பிற்பகல் மனு பாக்கர் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வாங்கிவிட்டார். அதைக் கேட்டு எழுந்த பேரன், ஒலிம்பிக்கைத் தமிழ் அகரவரிசையில் நடத்தினால் எப்படி இருக்கும் என்று ஆரம்பித்துவிட்டான். அவனால் எழுத முடியாது, ஆகவே அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

முதலில் வருவது அங்கோலா. ஆப்கானிஸ்தான் 'ஆ'வுக்கு இறங்கிவிட்டது. இத்தாலி, இந்தியா, இந்தோனேசியா, இலங்கை என்று அடுத்தடுத்து நிற்கிறோம். பிரெஞ்சிலும் இந்தோனேசியாதான் நமக்கு அடுத்து. எதிர்வீட்டுத் தெலுங்கு வாத்தியாரிடம் கேட்டேன். "நாங்கள் பாரத் என்றுதானே எழுதுவோம்" என்று பாதி வரிசைக்குக் கீழே கொண்டுபோய்விட்டார். ஜெர்மனி கிரந்த எழுத்து என்பதால் கடைசியில் ஜமைக்கா, ஜப்பான், ஜிம்பாப்வேயோடு நிற்கிறது. தனித்தமிழில் 'செருமனி' என்று எழுதினால் நடுவுக்கு ஏறிவிடுகிறது. பாவம் ஜிம்பாப்வே, ஆங்கிலத்திலும் கடைசி, தமிழிலும் கடைசிப் பக்கம். எல்லோருக்கும் பின்னால் ஹோண்டுராஸ்.

சிக்கல் ஃபிஜியில் வந்து நிற்கிறது. 'பிஜி' என்றால் பகரத்தில் பேசாமல் இருக்கும். ஆனால் பேரன் பாடப்புத்தகத்தில் பார்த்தபடி 'ஃபிஜி' என்கிறான். அப்படியானால் ஆய்தம் ஔகாரத்துக்கு அடுத்து, ககரத்துக்கு முன்னால். கானா, கியூபா, கென்யா எல்லோரையும் தாண்டி முன்னே போய்விடுகிறது. ஆய்தம் சொல்லுக்கு முதலில் வரவே வராது என்று இலக்கணம். வராத எழுத்தில் வந்த நாட்டை எங்கே நிறுத்துவது? வகுப்பில் எழுத்ததிகாரத்தில் என்னைவிட நீதான் கெட்டி. யோசித்து ஒரு கார்டு போடு. அதுவரை அந்த ஒரு படகைக் கரையோரம் கட்டிவைத்திருக்கிறோம்.

அன்புடன்,
கங்காதரன்