மஞ்சள் தடத்தை மறிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். காலத்தோடு மாறத் தெரியாதவர்கள்தான் அந்த நிலையத்தை ஒட்டிய எங்கள் பிரிக்பீல்ட்ஸை விட்டுப் போனார்கள் என்று அதில் ஒரு வரி இருந்தது. எழுதியவர் இளையவராக இருக்கலாம். அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் தங்களுக்கு இந்த வட்டாரம் தெரியும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் இங்கே எள் போட்டால் எள் விழாது என்பதும் தெரியும், அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் ஒரு காலத்தில் இங்கேயே குடியிருந்தவர்கள் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் அந்த வரியை எப்படி அனுமதித்தீர்கள்?

என் தந்தை ரயில்வே ஊழியர். இன்று நிலையமும் அதைச் சுற்றியுள்ள கோபுரங்களும் நிற்கும் 72 ஏக்கரும் அன்று சரக்கு ரயில் யார்டு. இரவெல்லாம் பெட்டிகள் மோதும் சத்தத்தில்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் உறங்கினோம். குவார்ட்டர்ஸில், அதாவது ஊழியர் குடியிருப்பில், இருந்தவர்களுக்கு வீடு சொந்தமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான். பிறகு நிலத்தின் விலை ஏறியது, வாடகையும் கூடவே ஏறியது. 1915இல் அரசாங்க ஊழியர்களுக்காகக் கட்டிய 'நூறு குவார்ட்டர்ஸ்' வீடுகளை இடித்தபோது என் தோழிகள் வளர்ந்த வாசற்படிகளும் போயின. போனவர்கள் எல்லாரும் மாறத் தெரியாதவர்களா ஐயா? வாடகை கட்ட முடியாதவர்கள் என்று எழுதியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன்.

ரயில் வேண்டாம் என்று சொல்பவள் அல்ல நான். என் மகள் கிளானா ஜெயாவில் இருக்கிறாள். எல்ஆர்டி நகர ரயில் இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகளின் முகத்தை நான் நினைத்த நேரத்தில் பார்க்க முடியாது. ஆனால் இங்கே எதைக் கட்டினாலும் நடந்து போகிறவனை மட்டும் மறந்துவிடுகிறார்கள். 2001இல் சென்ட்ரல் திறந்தது. 2003இல் மோனோரயில் வந்தது, அதற்கும் அதே பெயர். பெயர்தான் ஒன்று, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் நடந்தோம். பேரங்காடி எழும்பிய பிறகே, 2014இல், எங்கள் தலைக்கு மேல் கூரை வந்தது. 2010இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் வந்து எங்கள் வட்டாரத்தை 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்தார்கள். வளைவுகள் வந்தன, வண்ணம் வந்தது. அந்த விழாவை நானும் பெருமையோடு பார்த்தேன். அதற்குப் பிறகு நடைபாதையைக் குனிந்து பார்த்தவர் யார்?

ஆசிரியர் அவர்களே, மலேசியாவில் பார்வையற்றவர்கள் இவ்வளவு பேர் வந்து போகிற, வேலை செய்கிற வேறொரு வட்டாரத்தை நான் அறியேன். 1951இல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. அவர்களுக்காகவே நடைபாதையில் மஞ்சள் கற்கள் பதித்தார்கள். நீளக் கோடு இருந்தால் நேரே நடக்கலாம், புள்ளிகள் இருந்தால் நிற்க வேண்டும். கண்ணுள்ள நமக்கு அது வெறும் நிறம். அவர்களுக்கு அதுதான் வழி.

எங்கள் மாடிக்குக் கீழே குடியிருக்கும் பார்வையற்ற தம்பி ஒருவர் உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்கிறார். அண்மையில் ஒரு மாலை மோனோரயிலில் இறங்கி இருவரும் சேர்ந்து வந்தோம். அவருடைய கைத்தடி கோடுகளின் மேல் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கடை வாசலில் எதையோ தோண்டி மூடியவர்கள் புள்ளிக் கல்லைத் திரும்பப் பதிக்காமல் சிமெண்ட்டைப் பூசியிருந்தார்கள். தடி அங்கே வழுக்கியது. நான் கையைப் பிடிப்பதற்குள் அவர் இன்னும் ஓரடி வைத்துவிட்டார். தடத்தின் நடுவில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் அவர் கெண்டைக்காலைச் சுட்டுவிட்டது. வண்டிக்காரர் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "பார்த்து வரக்கூடாதா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, "விடுங்கள் அக்கா, எனக்குப் பழக்கம்தான்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

அந்தப் பழக்கம் எனக்கு வரவில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு நேரில் போனேன். நடைபாதை ஒரு பிரிவாம், மோட்டார் சைக்கிள் இன்னொரு பிரிவாம், நிலையத்தை ஒட்டிய பகுதி அவர்கள் பொறுப்பே இல்லையாம். முகப்பில் இருந்த பெண் அன்பாகத்தான் பேசினார். ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார், தந்தேன். இன்றுவரை ஒரு வார்த்தை பதில் இல்லை.

எனவே தங்களிடம் கேட்கிறேன். பறித்த புள்ளிக் கற்களைத் திரும்பப் பதிக்க வேண்டும். மஞ்சள் தடத்தில் வண்டி நிறுத்துவதைத் தடுக்க மாலை வேளையில் ஒரு காவலராவது நிற்க வேண்டும். துன் சம்பந்தன் சாலையைக் கடக்கும் இடங்களில் சிக்னல் விளக்குகள் ஒலி எழுப்ப வேண்டும். இவற்றைத் தங்கள் நிருபர் மூலம் உரியவர்களிடம் கேட்டு, அவர்கள் தரும் பதிலை வெளியிடுங்கள். ஞாயிறு மலரில் அழகழகான படங்கள் எடுத்த புகைப்படக்காரரையே அனுப்பினால் போதும். வேலை முடிந்து கூட்டம் வரும் ஐந்தரை மணிக்கு வரச் சொல்லுங்கள். மோனோரயில் படிக்கட்டுக்குக் கீழே காத்திருந்து இடத்தை நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.